நான் சான்று கொடுத்த குதிரை

குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்துவிட்டால் நம் ஆட்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி முப்பது வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்த்த அரசு கால்நடை மருத்துவர் நான். அத்தனை வருடத்தில் என்னிடம் வந்த குதிரைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனாலேயே குதிரை என்று யாராவது கூப்பிட்டால் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இதைப் படித்து என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், தாராளமாக. சிரித்து முடித்துவிட்டு, அடுத்த முறை ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்.

ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது நடந்தது இது. லெப்பைக்குடிகாட்டிலிருந்து பஷீர் என்பவர் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சவூதியில் பதினெட்டு வருடம் குதிரைகளை ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவர். லாரியின் கண்ணாடி வழியே குதிரைகளைப் பார்த்துப் பார்த்து, ஊருக்குத் திரும்பினால் சொந்தமாக ஒன்று வளர்க்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். ஆசை மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். மாப்பிள்ளை ஊர்வலம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று வெள்ளைக் குதிரைக்கு நம் பக்கம் நல்ல கிராக்கி. உடையார்பாளையம் பக்கம் ஒரு பெரிய விவசாயி வெள்ளைக் குதிரை ஒன்றை விற்கிறாராம். "நீங்க வந்து பாத்து, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா வாங்கிடுவேன் மேடம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். முந்திரித் தோப்புக்குள் புல் தரையில் இரண்டு கறவை மாடுகளோடு குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. பெயர் பாதுஷா. பார்த்தவுடனே மனது போய்விடும், அப்படி ஒரு குதிரை. கழுத்தில், தொண்டையை ஒட்டினாற்போல் பாசிமணி கோத்த அகலமான பட்டை ஒன்று. "அழகுக் குதிரைல்ல, கண்ணு பட்டுடும்னு கட்டிவச்சிருக்கேங்க" என்றார் விவசாயி. நடக்கவிட்டேன், ஓடவிட்டேன், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். எல்லாம் சுத்தம். கடைசியில் பல்லைப் பார்த்தேன்.

"வயசு எவ்வளவுங்க?"

"எட்டு முடியலீங்க."

"பத்து தாண்டிருக்கும். முன்பல்லு தேஞ்சிருக்கு பாருங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார், பஷீர் என்னை வியப்போடு பார்த்தார். எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, விற்கிற குதிரையைப் பார்க்கலாமே! வயதில் சொன்ன பொய்யைப் பிடித்துவிட்டேன் என்கிற பெருமிதத்தில், 'ஆரோக்கியமானது, தீய பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

பதினைந்தாவது நாள் பஷீர் வந்தார். போனை நீட்டினார். வீடியோவில் பாதுஷா, இரும்புக் கதவின் மேல் கம்பியை முன்பல்லால் கவ்வி, கழுத்தை வில்லாக வளைத்து, 'ஏவ்' என்று ஒரு சத்தம் விட்டது. விட்டுவிட்டு மறுபடி கவ்வியது. மறுபடி 'ஏவ்'. வீடியோ முடிகிறவரை அதே வேலைதான்.

கட்டையைக் கவ்விக் காற்றை உள்ளே இழுக்கிற பழக்கம் இது. காற்றுக் குடிக்கிற குதிரை என்பார்கள். பல் தேய்ந்தது வயதால் இல்லை, கம்பியால். பாசிமணிப் பட்டை கண்ணேறுக்காக இல்லை, கழுத்தை வளைக்கவிடாமல் இறுக்கத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பஷீர் அதைக் கழற்றிவிட்டிருக்கிறார். குதிரை உண்மையிலேயே எட்டு வயதுதான். விவசாயி சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்று பிடித்துவிட்டு, அவர் மறைத்த ஒரே விஷயத்துக்கு நான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

பஷீர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சட்டம் பேசியிருப்பேன். அவர் மெதுவாக, "நீங்க எழுதிக் குடுத்ததாலதான் வாங்குனேன் மேடம்" என்றார். அந்த நாற்காலியில் எனக்கு உட்காரவே கூசியது. "என் தப்புதான் பஷீர்" என்று சொன்னேன். இதைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவைதான் தொண்டையில் சிக்கும்.

குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் தவறாகச் சான்று கொடுத்ததாகவே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். "திருப்பிக் குடுத்தா அந்தப் பட்டைய இன்னும் இறுக்கிக் கட்டி வேற யாருக்காச்சும் வித்துருவாரு. அது பாவம் மேடம். சரி பண்ண முடியுமான்னு மட்டும் சொல்லுங்க."

அன்று மாலையே லெப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் குதிரைக்காக அவர் கட்டியிருந்த இடத்தைப் பார்த்து அசந்துபோனேன். சிமெண்ட் தரை, சுவரில் டைல்ஸ், மேலே மின்விசிறி, முன்னால் பளபளவென்று இரும்புக் கதவு. சவூதியில் பார்த்த லாயத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். நம்மில் பல பேர் அவ்வளவு வசதியான வீட்டில் இல்லை. உள்ளே பாதுஷா தனியாக நின்று கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. கம்பி முழுக்க மிளகாய்த்தூளும் வேப்பெண்ணெயும் பூசியிருந்தார்கள். கம்பி காரம் என்று தெரிந்ததும் அது தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதாம். தொட்டியிலும் பூசினால் மறுபடி கம்பி. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

அங்கேதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. பஷீரின் மனைவி ஹமீதாவுக்கு சலீம் என்று ஓர் அண்ணன். அவரும் சவூதியில்தான் இருக்கிறார், மகன் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். வரும்போதே பஷீருக்கு ஒரு விசாவோடு வந்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தங்கை குடும்பம் குதிரையை நம்பிக் கெட்டுப்போகுமே என்கிற பயம்தான். அக்கம்பக்கத்தில் வேறு, காற்றுக் குடிக்கிற குதிரை வீட்டின் பரக்கத்தையும், அதாவது செழிப்பையும், சேர்த்துக் குடித்துவிடும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் குதிரையை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்?

"மேடம், குதிர குப்புறத் தள்ளுனதோட விட்டுச்சுன்னா பரவால்ல, குழியும்ல பறிக்குது!" என்றார் சலீம். பிறகு பஷீரைப் பார்த்து, "நாப்பது நாள்ல என் மவன் நிக்காஹ். உன் குதிர மாப்ளைய சுமந்து, நாலு பேரு பாக்க நல்லபடியா மண்டபத்துக்கு வந்துருச்சுன்னா நான் வாயத் தொறக்கல, நீ இங்கயே இரு. இல்லன்னா மறுவாரம் என்கூட பிளைட்டு ஏறு மச்சான்" என்றார்.

பஷீர் சரி என்று தலையாட்டினார். ஹமீதா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் என்று கணவனைப் பார்த்தவர். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை.

நான் செய்த இரண்டாவது தவறு இங்கே வருகிறது. நாற்பது நாள் என்று கெடு வைத்ததும் எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பாடப்புத்தகத்தில் கழுத்துப் பட்டை என்று ஒரு வழி இருக்கிறது. முதலில் விவசாயி செய்ததைத்தான் நானும் செய்தேன், கொஞ்சம் நல்ல தோலில் தைத்து, அளவு பார்த்து, டாக்டர் கையால். கம்பி வாய்க்கு எதிரிலேயே இருந்தும் பாதுஷா கவ்வவில்லை. மறுநாளும் இல்லை. நாலு நாள் சத்தமே இல்லை. ஊரில் என் பெயர் ஓங்கியது. பஷீர் வீட்டிலிருந்து எனக்கு இடியாப்பமும் பாயாவும் வந்தது. நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் போன். பாதுஷா கீழே விழுந்து புரள்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, உடம்பெல்லாம் வேர்வை. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உங்களுக்குத் தெரியும், கண்ணெதிரே போய்விடும். என்ன ஊசி போட்டேன், குழாய் வழியாக என்ன ஊற்றினேன் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வேண்டியது, மூன்று மணி நேரம் அதைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தோம். பஷீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாயங்காலம் வாக்கில் அது வாலைத் தூக்கிக் கொஞ்சம் சாணி போட்டது. நான் அழுதுவிட்டேன். பட்டையால்தான் வலி வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நாலு நாள் அமைதி சுகத்தின் அமைதி இல்லை என்று மட்டும் புரிந்தது.

அப்போதுதான் ஹமீதா என்னிடம் முதல் முறையாக நேராகப் பேசினார். கோபத்தில் பேசினார்.

"மேடம், நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அதுக்கு வயித்துல ஏதோ எரியுது. எனக்கு அல்சர் இருக்கு, எனக்குத் தெரியும். வெறும் வயித்துல இருந்தா எனக்கும் எதையாச்சும் கடிச்சிக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். பிஸ்கட்டோ பொரியோ கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனாத்தான் அடங்கும். அத விட்டுட்டு என் வாயக் கட்டிப்போட்டா நான் என்னாவேன்?"

அவர் மேலும் சொன்னார். "அடுப்படியிலேந்து எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். கொள்ளும் மாவும் வச்சதுக்கப்புறம்தான் ரொம்ப. அது தின்னு முடிச்ச ஒடனே ஆரம்பிச்சா நிறுத்தாது."

தினமும் இரண்டு வேளை குதிரைக்கு ஊட்டமாகக் கொள்ளும் மாவும் வைக்கச் சொன்னதும் நான்தான்!

பட்டையை அன்றே கழற்றினேன். கழற்றியதும் அது மொத்தமாகச் சேர்த்துவைத்துக் குடித்தது, நாலு நாள் பட்டினிக்கும் வட்டி போட்டு. பஷீர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரியலூரில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். மாடு இருமுகிறது என்று யாராவது ஓட்டிக்கொண்டு வந்தால், எப்போது இருமுகிறது என்று கேட்க மாட்டார். "எப்ப இருமாம இருக்கு, அதச் சொல்லு" என்பார். மனுஷனுக்குக் கிறுக்கு என்று ஜனங்கள் முணுமுணுப்பார்கள், நானும்தான். அன்றைக்கு அந்தக் கேள்வியை எனக்கே போட்டுக்கொண்டேன். பாதுஷா எப்போது காற்றுக் குடிக்காமல் இருந்தது, என் கண் முன்னாலேயே?

உடையார்பாளையத்தில், முந்திரித் தோப்பில். இரண்டு மணி நேரம் நான் பக்கத்திலேயே இருந்தேன். பட்டை கட்டியிருந்ததுதான், ஆனால் கவ்வுவதற்குக்கூட அது முயலவில்லை. மரம் இருந்தது, வேலிக் கட்டை இருந்தது, எதன் பக்கமும் திரும்பவில்லை. தலை முழுக்கப் புல்லில் இருந்தது, பக்கத்தில் இரண்டு மாடுகள் இருந்தன. விற்கிற அன்று மட்டும் விவசாயி அதை வெளியே விட்டிருக்கிறார். மற்ற நாளெல்லாம், தன்னிடம் இருந்த இன்னொரு குதிரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பயந்து தனிக் கொட்டடியில் அடைத்து வைத்திருந்தாராம், பிறகு தெரிந்தது. என்னை ஏமாற்ற அவர் செய்துவைத்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் இந்தக் குதிரைக்கு மருந்து. எனக்கு அந்த நிமிடம் எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. என் தவறைத் தவறு என்று மட்டும் பார்த்து மூடிவைத்திருந்தால் அந்த மருந்து எனக்குக் கிடைத்திருக்காது. வெட்கப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கத்தில் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் பஷீரிடம், "அந்த மாளிகைய விட்டு அத வெளிய கொண்டாங்க" என்றேன். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. டைல்ஸ் போட்டவருக்கு வலிக்கத்தான் செய்யும். விடிந்ததும் வெள்ளாற்றங்கரைக்கு ஓட்டிப்போய், ஹமீதாவின் ஆடுகளோடு விட வேண்டும். வெயில் ஏறினால் வேப்பமர நிழல். கொள்ளையும் மாவையும் கைப்பிடி அளவுக்குக் குறைத்தோம். கடலைக்கொடியைச் சின்னக் கண் வலைப்பையில் திணித்து, ஒரு நாளைக்குப் பல தடவை, ஒன்று தீரும் முன் அடுத்தது தொங்க வேண்டும், வாய் சும்மா இருக்கக் கூடாது. வயிற்றுப் புண்ணுக்கு மருந்தும் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை, ஹமீதாவின் வார்த்தையை நம்பித்தான் கொடுத்தேன். கம்பியை எடுக்கவில்லை. பழைய டயரை வெட்டிச் சுற்றிவிட்டோம், கவ்வினால் பல்லாவது பிழைக்கட்டும். அடிக்கக் கூடாது, அதட்டக்கூடக் கூடாது.

"அப்ப முழுசா விட்டுருமா மேடம்?" என்று பஷீர் கேட்டார்.

"விடாது. இத்தன வருஷப் பழக்கம். நமக்கே டீ விட முடியல. கொறையும்" என்றேன். இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்தது அப்போதுதான். முழுதாகக் குணமாக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தால் மறுபடி ஒரு பட்டையைத் தேடியிருப்பேன்.

எண்ணிக்கை ஹமீதா பொறுப்பு. தொழுகைக்குப் பின் ஓதுகிற தஸ்பீஹை எண்ணுவதற்கு விரலில் மாட்டுகிற சின்னப் பொத்தான் கருவி ஒன்று வைத்திருந்தார். பழையதை எடுத்துக் குதிரைக்கு ஒதுக்கினார். காலைத் தீனிக்குப் பிறகு ஒரு மணி நேரம், சோறு வடித்துக்கொண்டே ஒவ்வொரு 'ஏவ்'வுக்கும் ஓர் அழுத்து. முதல் நாள் என்னிடம் போனில், "இருநூத்திப் பதினாலு மேடம்" என்றார். ஒரு வாரம் கழித்து நூற்றுச் சொச்சம். அதற்கடுத்த வாரம் நாற்பது. ஒருநாள் மத்தியானம் நான் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தோள் வரை கை உள்ளே இருந்தது, மாட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்லிக் காதில் வைத்தேன். "ஒம்போது மேடம்! வெறும் ஒம்போது!" என்று ஹமீதா கத்தினார். நானும் கத்தினேன். மாடு மிரண்டு கன்றைப் போட்டுவிட்டது.

பாதுஷாவின் விலா எலும்பு மறைந்து உடம்பு தேறியது. ஆடுகளில் ஒரு கறுப்பு வெள்ளாடு அதை விட்டு நகர்வதே இல்லை. சலீம் வந்து பார்த்தார். குதிரையின் கழுத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

நிக்காஹ் அன்று காலை. பெரம்பலூரில் மண்டபம். நானும் அழைக்கப்பட்டவள், அரக்குப் பட்டுப்புடவையில் கிளம்பினேன். மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் காலியாக இருந்த ஒரு உரக்கடைக் குடோனில்தான் குதிரையை முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். ஜிகினா விரிப்பு, நெற்றியில் குஞ்சம், காலில் சலங்கை, எல்லா அலங்காரத்தோடும் பாதுஷா ஷட்டர் கம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மாலைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். தோல் பட்டை. இறுக்கமாக.

"பஷீர்! என்ன இது?"

பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து ராத்திரிலேந்து மறுபடி குடிக்குது மேடம். விடவே இல்ல. எனக்குப் பயமாயிட்டு, கட்டிட்டேன்."

"தீனி என்ன வச்சீங்க?"

பக்கத்தில் நின்ற சலீம்தான் சொன்னார். "நேத்து சாயங்காலத்தோட நிறுத்தியாச்சு மேடம். ஊர்வலக் குதிரைக்கு வயித்தக் காயப்போட்டுத்தான் கொண்டாருவாங்க. இல்லன்னா நடுரோட்ல, மாப்ள ஏறியிருக்கும்போது சாணி போட்டுரும்ல? சம்பந்தி வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

கல்யாணக் குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. எனக்குத் தெரியாமல் போயிற்று, பஷீருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகக் கட்டியதை ஒரே ராத்திரியில் இடித்துவிட்டார்கள். சிமெண்ட் தரை, தனிமை, காலி வயிறு, அதற்கு மேல் பட்டை. ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

அந்த இடத்தில் என் முன்னால் இருந்தது இரண்டே வழி. பட்டையை அப்படியே விட்டால் ஊர்வலம் மட்டும் நல்லபடியாக முடிந்துவிடும், யாரும் 'ஏவ்' கேட்க மாட்டார்கள், விசா பேச்சும் போய்விடும். வயிற்றுவலி வந்தால் அது சாயங்காலம்தான் வரும். கழற்றித் தீனி கொடுத்தால் குதிரைக்கு நல்லது, ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அது கம்பியைக் கவ்வலாம், சாணி போடலாம், பஷீர் பிளைட் ஏறலாம். பஷீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டையின் கொக்கியை அவிழ்த்தேன்.

"மேடம்!" என்றார் சலீம்.

"சாணி போட்டா போடட்டும் சலீம் பாய். போடலன்னாத்தான் நீங்க பயப்படணும்."

"உத்தரவாதம் குடுப்பீங்களா?"

"ஒரு தடவ எழுதிக் குடுத்துப் பட்டுட்டேன். இந்தத் தடவ எழுதித் தரமாட்டேன். கூடவே நடந்து வரேன்" என்றேன்.

குடோனுக்குப் பின்னால் நான் வைத்தியம் பார்த்த மாடுகள் இருக்கிற வீடு ஒன்று உண்டு. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போய், அறுத்து வைத்திருந்த பச்சைப் புல்லில் ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். "டாக்டரம்மா, கல்யாணத்துக்குப் போறீங்களா களையெடுக்கப் போறீங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். குதிரையை வெளியே வெயிலில் கொண்டுவந்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுத்தோம், பஷீரும் நானும் மாறி மாறி. முதலில் அது இரண்டு வாய் தின்றுவிட்டுக் கம்பியைத் தேடியது. அதட்டவில்லை. மறுபடி புல். அரை மணி நேரத்தில் அதன் காது தளர்ந்தது. ஒரு மணி நேரத்தில் வயிறு கடகடவென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் காதை விலாவில் வைத்தேன், புடவையெல்லாம் ஜிகினா ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை ஏறினார். மேளம், சரவெடி, முன்னால் போன் பிடித்தபடி பின்னோக்கி நடக்கிற கூட்டம். பாதுஷா கழுத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. வெடிச் சத்தத்துக்கு ஒரு தடவை காதைத் திருப்பியது, அவ்வளவுதான். கடை வாசலில் நின்றவர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை, பாவம். நான் மடியில் புல்லைக் கட்டிக்கொண்டு, கையில் செருப்போடு அதன் தோளை ஒட்டி நடந்தேன்.

மண்டப வாசலில்தான் சிக்கல். பெண் வீட்டார் வரவேற்க வரும்வரை நிற்க வேண்டும். நிறுத்திய இடத்தில், குதிரையின் வாய் உயரத்துக்குச் சரியாக ஒரு இரும்புத் தடுப்புக் கம்பி. மேளம் ஓய்ந்தது. என் மடியில் புல் தீர்ந்துபோயிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஹமீதா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், சலீம் கைகட்டி நின்றார். பாதுஷா கம்பியை முகர்ந்தது. உதட்டால் தடவியது. பஷீர் கயிற்றை இழுக்கப் போனார், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். இழுத்தால் அது கவ்வும்.

அது கம்பியை விட்டுத் தலையைத் திருப்பி, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் ஓர் இலையை நீளமாகக் கிழித்து வாயில் போட்டு மென்றது. கூட்டம் ஹோ என்று சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். இலையை மென்றுகொண்டே நிதானமாக வாலைத் தூக்கி, சிவப்புக் கம்பளத்தின் மேல், ஆவி பறக்க, உருண்டை உருண்டையாகப் போட்டது. உலகத்திலேயே அவ்வளவு அழகான சாணியை நான் பார்த்ததில்லை. அத்தனை பேர் முன்னால் நானும் பஷீரும் கையைத் தட்டினோம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "நல்ல சகுனந்தான், விடுங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். ஒரே ஒரு 'ஏவ்' கூட இல்லை.

பாதுஷா இன்றைக்கும் காற்றுக் குடிக்கிறது. ஒரு நாளைக்கு ஏழோ எட்டோ தடவை, மழைக்காலத்தில் அடைத்து வைத்தால் கொஞ்சம் கூடுதலாக. கூப்பிடுகிறவர்களிடம் பஷீரே அதை முதலில் சொல்லிவிடுகிறார், தீனி நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படியும் முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஓய்வு கிடையாது.

அன்று பந்தியில் எனக்கு எதிரே சலீம் உட்கார்ந்திருந்தார். பிரியாணியைப் பிசைந்தபடி, அந்த விசாவை வீணாக்க முடியாது, யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை என்று புலம்பினார். தால்ச்சா ஊற்ற வந்த ஹமீதா கரண்டியோடு அப்படியே நின்றார்.

"நீயே வச்சுக்க அண்ணே" என்றார். "இவுரு வூட்ல இருக்காரு."

சொல்லிவிட்டு என் இலையில் தால்ச்சாவை அள்ளி அள்ளி ஊற்றினார். போதும் போதும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.